நாற்பத்தொரு ஓட்டை

யாக்கோமினா வீட்டுக் கழிவறையில் என் பெயர் இல்லை. மூன்று வருடமாக ஒவ்வொரு புதன்கிழமையும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். இல்லை.

கதவின் உட்பக்கம், உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராக, பிறந்தநாள் காலண்டர் தொங்குகிறது. நெதர்லாந்து முழுக்க எல்லார் வீட்டிலும் அது அங்கேதான் தொங்கும். வருடம் போடாத காலண்டர். மாதத்துக்கு ஒரு தாள், தாளில் ஒன்று முதல் முப்பத்தொன்று வரை கோடுகள், கோட்டின் மேல் பெயர்கள். ஒருமுறை ஏறிய பெயர் மனிதன் சாகும்வரை இறங்காது. செத்த பிறகும் இறங்காது, பக்கத்தில் சின்னதாக ஒரு சிலுவை முளைக்கும், அவ்வளவுதான். தினமும் நான்கைந்து தடவை, எங்கள் வயதில் பதினான்கு தடவை, அந்தக் கதவைப் பார்த்து உட்காருகிறவள் அதிலுள்ள ஒரு பெயரையும் மறக்க முடியாது.

யாக்கோமினாவின் காலண்டரில் அறுபத்தெட்டு பெயர்கள். நான் எண்ணியிருக்கிறேன், வேறென்ன வேலை அங்கே. பல் டாக்டர் இருக்கிறார். கோழி விற்கிறவரின் மைத்துனி இருக்கிறாள். ரொட்டிக்கடை நெல்லாவின் நாய் இருக்கிறது. நாய்! மே ஒன்பது. ஒவ்வொரு மே ஒன்பதாம் தேதியும் அந்த நாய்க்குத் தபாலில் அட்டை போகிறது. எலும்பு வடிவ டையில், அதாவது வெட்டும் அச்சில் வெட்டி, ஓரமெல்லாம் பச்சை நூலில் தைத்த அட்டை. டை மெஷினின் கைப்பிடியைச் சுற்றி அந்த எலும்பை வெட்டிக் கொடுத்தது நான். என் பிறந்தநாள் அக்டோபர் பதினேழு. அன்றைக்கு எனக்குத் தபாலில் வருவது காது மிஷின் விளம்பரம்.

என் பெயர் க்ரைன். எழுபத்து நான்கை நெருங்குகிறேன். கால்வாய்ப் பாலத்தில் முப்பத்தொன்பது வருடம் காவல் வேலை. கப்பல் வந்தால் தூக்கு, போனால் இறக்கு. நான் தூக்கின தூக்கையெல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால் நிலாவுக்குப் போய், அங்கே ஒரு காபி குடித்துவிட்டு, மறுபக்கமாக இறங்கலாம். யாக்கோமினா அந்தக் காலத்தில் மிடில்பர்க்கில் ஒரு நூல் கடையில் இருந்தாள். காலை எட்டு பத்துக்கு நீலக் கோட்டும் சைக்கிளுமாகப் பாலத்துக்கு வருவாள். கப்பல் குறுக்கே வந்துவிட்டால் தடுப்புக் கட்டைக்கு அந்தப் பக்கம் ஒற்றைக் காலை ஊன்றிக்கொண்டு நிற்பாள். கப்பல் கடந்துபோன பிறகும் ஒரு நிமிடம், சில நாள் ஒன்றரை நிமிடம், பாலத்தை இறக்காமல் வைத்திருப்பேன். பின்னால் லாரிகள் பெல்ஜியம் எல்லைவரை நின்று ஹாரன் அடித்தன என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். நம்பவேண்டாம். அந்த ஒரு நிமிடம் மட்டும் நிஜம்.

அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. அவள் மரினுஸின் மனைவி. மரினுஸ் தச்சர். என் பாலத்துக் குடிசையில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார். "உன் முதுகு கோணிப்போச்சுடா க்ரைன், இதுல உக்காரு" என்று அவரே சுமந்துகொண்டு வந்தார். இன்றைக்கும் வீட்டில் அதில்தான் உட்காருகிறேன். அப்படிப்பட்ட மனிதரைப் பகைத்துக்கொள்ளவும் வழியில்லை.

மரினுஸ் போய் ஆறு வருடம் ஆகிறது. மூன்று வருடம் முன்பு ஒருநாள் ரொட்டிக்கடை நெல்லா, என்னோடு பள்ளியில் படித்தவள், சைக்கிளை என் வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தாள்.

"யோவ், சும்மாதானே இருக்கே. யாக்கோமினா வீட்டுல புதன்கிழமை அட்டை செய்றோம். டை மெஷின் சுத்த எங்க யாருக்கும் தோள் இல்ல. வர்றியா?"

"எனக்கு அட்டையும் தெரியாது, தையலும் தெரியாது."

"உன்ன யாரு தைக்கச் சொன்னா? பாலம் தூக்கின கை, காகிதம் வெட்டாதா? காபி உண்டு. பட்டை மணக்கற பொலுஸ் ரொட்டி உண்டு. ஆளுக்கு ஒண்ணு, ரெண்டாவது கேட்டா டப்பாவ மூடிடுவா."

நான் யோசிப்பதுபோல நடித்தேன். மூன்று நொடி. பிறகு தலை வாரிக்கொள்ள ஓடினேன்.

அப்படித்தான் சேர்ந்தேன். ஐந்து பெண்கள், ஒரு கைப்பிடி. மரினுஸ் செய்த பெரிய மேஜை, அதன் ஒரு கோடியில் என் மெஷின். தட்டு, அதன்மேல் டை, அதன்மேல் அட்டை, அதன்மேல் இன்னொரு தட்டு. உருளைகளுக்கு நடுவே விட்டுச் சுற்றினால் நறுக்கென்று ஒரு சத்தம், மறுபக்கம் பட்டாம்பூச்சி வந்து விழும். இதுவரை பதினோரு லட்சம் பட்டாம்பூச்சி வெட்டியிருக்கிறேன், குறைத்துத்தான் சொல்கிறேன். நெல்லா வெளிச்சப் பெட்டிமேல் ஸ்டென்சில் தகட்டை வைத்து, அட்டையைக் கவிழ்த்துப் போட்டு, உருண்டை முனைக் கம்பியால் பின்புறமிருந்து தேய்ப்பாள். திருப்பினால் அட்டையின் முகத்தில் காற்றாலை புடைத்துக்கொண்டு நிற்கும். யாக்கோமினா ஜன்னலோரம் உட்கார்ந்து தைப்பாள். அட்டையில் குத்தூசியால் முதலில் ஓட்டை ஓட்டையாகக் குத்திக்கொண்டு, பிறகு அந்த ஓட்டைகளின் வழியே நூலை ஓட்டுவாள். ஊசி உள்ளே போகும்போது மூச்சை அடக்கிக்கொள்வாள், வெளியே வரும்போது விடுவாள். அந்த மூச்சுக்கு ஏற்ற மாதிரிதான் நான் கைப்பிடியைச் சுற்றுவேன். வேறு யாருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

முதல் நாளே எனக்கு ஒரு குத்தூசியைக் கொடுத்து ஒரு துலிப் பூவைக் குத்தச் சொன்னாள். குத்தினேன். தூக்கினால் மேஜை விரிப்பும் கூடவே வந்தது.

"அடியில கம்பளித் திண்டு வெக்கணும் க்ரைன்," என்றாள். அவள் கோபமே அப்படித்தான், போர்வை போர்த்திக்கொண்டு வரும். "திண்டு வெக்காம குத்தினா கீழ இருக்கறதெல்லாம் ஓட்டையாயிடும். மேல இருக்கறத மட்டும் பாத்தா போதாது."

இன்னொன்றும் அங்கேதான் கற்றேன். எங்கள் கூட்டத்தில் யாரும் அட்டையின் முகத்தை முதலில் பார்ப்பதில்லை. திருப்பி முதுகைப் பார்ப்போம். முடிச்சுப் போட்டிருந்தால் மரியாதை போய்விடும், அட்டை புடைத்துக்கொள்ளும். வேலை முடிந்ததும் நூலின் நுனியை நறுக்கி, டேப்பால் ஒட்டிவிட வேண்டும். நுனி நீளமாகத் தொங்கினால் அந்த வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த அட்டையை யாரும் தொடக்கூடாது, தூக்கிப் போடக்கூடாது, எப்போது முடியும் என்று கேட்கவும் கூடாது.

இவ்வளவு நெருக்கத்தில் உட்கார்ந்திருந்தும் காலண்டரில் பெயர் ஏறவில்லை. கேட்கலாமே என்பீர்கள். கேட்டு வாங்குகிற பெயர் ஒரு பெயரா? நம் பிறந்தநாளுக்கு நாமே கேக் வாங்கிக்கொண்டு போய் எல்லாருக்கும் கொடுப்பதுதான் இங்கே வழக்கம். அப்படிக் கொடுத்தாலாவது தெரிந்துவிடும். ஆனால் என் பிறந்தநாள் இலையுதிர்கால விடுமுறையில் வந்து விழுகிறது. அப்போது கூட்டம் கிடையாது, யாக்கோமினா ட்ரெந்தேயில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விடுவாள். கேக்கை நானும் என் பூனையும் தின்போம். பூனை வாழ்த்துகூடச் சொல்லாது.

செப்டம்பர் முதல் புதன்கிழமை அது நடந்தது. அன்று நெல்லா தனக்கு வந்த பிறந்தநாள் அட்டையைக் கொண்டுவந்து காட்டிக்கொண்டிருந்தாள். யாக்கோமினா அனுப்பியது. வெள்ளை அட்டை, வெள்ளை நூல், நடுவில் ஒரு பறவை. வெளிச்சத்தில் சாய்த்தால்தான் பறவை இருப்பதே தெரியும். நான் அதைத் திருப்பி முதுகைப் பார்த்தேன். முதுகு முகத்தைவிட அழகாக இருந்தது. என் நெஞ்சில் ஒரு கைப்பிடி சுற்றியது. எழுந்து கழிவறைக்குப் போனேன். சட்டைப் பையில் குத்தூசி இருந்தது. அதுவாகவே வந்ததா, நான் எடுத்துப் போட்டேனா என்று சாமி கேட்டாலும் சொல்லமாட்டேன்.

செப்டம்பர் தாளைத் தூக்கினேன். அக்டோபர். பதினேழாவது கோடு காலி. அந்த வெற்றுக் கோட்டின் மேல் என் பெயரைக் குத்தினேன். மை இல்லை, பென்சில் இல்லை, வெறும் ஓட்டை. வெள்ளைத் தாளில் வெறும் ஓட்டை யார் கண்ணுக்குத் தெரியப்போகிறது? அவளுக்குத் தெரியாமல் அவள் வீட்டில் நான் இருப்பேன், அது போதும் என்று பட்டது. நாற்பத்தொரு ஓட்டை. ஒவ்வொன்றுக்கும் மூச்சை அடக்கிக்கொண்டு குத்தினேன், அவள் செய்வதுபோலவே. முடிந்ததும் விரலால் தடவிப் பார்த்தேன். எழுபத்து மூன்று வயதுக் கிழவன் கழிவறையில் நின்று தன் பெயரைத் தடவிச் சிரிக்கிறான். இவனைவிடச் சந்தோஷமான மனிதன் அன்று எங்கள் ஸேலாந்து மாகாணம் முழுக்க இல்லை, கடலில் தேடினாலும் இல்லை.

அப்போதுதான் திண்டு ஞாபகம் வந்தது.

அக்டோபரைத் தூக்கினேன். நவம்பர். பதினேழாவது கோடு காலியாக இல்லை. "மரினுஸ்" என்று பென்சிலால் எழுதியிருந்தது. அதன்மேல் நாற்பத்தொரு ஓட்டை. சிட்டுக்குருவியை நோக்கி ரவைத் துப்பாக்கியால் சுட்ட மாதிரி.

இரண்டு பேருக்கும் ஒரே தேதி, ஒரு மாதம் தள்ளி. நூறு தடவை பார்த்த கோடு அது. அந்தப் பெயருக்குப் பக்கத்தில் சிலுவை இல்லை என்பதைக்கூடக் கவனித்திருக்கிறேன். ஆறு வருடமாகியும் அவள் போடவில்லை. குத்தும்போது மட்டும் மறந்துவிட்டேன். மேல் தாளை மட்டும் பார்த்தவன் நான்.

ஒரு வாரம் தூங்கவில்லை. நவம்பர் ஒன்றாம் தேதி அவள் தாளைப் புரட்டும்போது எல்லாம் தெரிந்துவிடும். அடுத்த புதன் நெல்லாவின் உருண்டை முனைக் கம்பி ஒன்றைக் கடத்திக்கொண்டு கழிவறைக்குப் போனேன். ஓட்டையைப் பின்புறமிருந்து அதால் தேய்த்தால் நார் பரவி மூடிக்கொள்ளும் என்பது தொழில் ரகசியம். நவம்பர் தாளைக் கொக்கியிலிருந்து கழற்றி, என் முழங்காலில் கவிழ்த்துப் போட்டுத் தேய்த்தேன். மெதுவாக, ஒவ்வொரு ஓட்டையாக. இருபது நிமிடம் ஆயிற்று.

கதவு தட்டப்பட்டது.

"யோவ் க்ரைன்! உசிரோட இருக்கியா?" நெல்லா.

"இருக்கேன், இருக்கேன்."

"ராத்திரி ஊறவெச்ச உலர்பிளம்ஸ் சாப்பிடு, சொன்னா கேக்க மாட்டே. வெளிய மூணு பேர் கால மாத்தி மாத்தி நிக்கிறோம்!"

"ஒரு நிமிஷம்மா."

"பாலத்துலயும் இதேதான் சொல்லுவே!"

தாளைத் திருப்பினேன். ஓட்டைகளில் பாதி மூடியிருந்தன. ஆனால் பென்சில் எழுத்து என் கார்டுராய் கால்சட்டையில் உரசி, பெயரின் முன்பாதி சாம்பல் நிறப் புகையாகக் கலைந்துபோயிருந்தது. கீழே பார்த்தேன். மரினுஸின் பாதி என் முழங்காலில் இருந்தது.

தாளை மாட்டிவிட்டு வெளியே வந்தேன். நான் எவ்வளவு வெளுத்திருந்தேன் என்றால், வரிசையில் நின்ற மூன்று பேரும் எனக்கு வழிவிட்டு, உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்தார்கள். யாக்கோமினா டப்பாவைத் திறந்து இரண்டாவது பொலுஸ் கொடுத்தாள். வரலாற்றில் முதல் தடவை. அதைக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டேன்.

திரும்பும்போது நெல்லா கூடவே சைக்கிள் ஓட்டிக்கொண்டு வந்தாள். எதிர்க்காற்று. நான் சும்மா பேச்சுக் கொடுப்பதுபோலக் கேட்டேன்.

"அந்தக் காலண்டர்ல புதுசா யார் பேரும் ஏறலையே, ஏன் நெல்லா?"

"அதத்தான் உக்காந்து படிச்சிட்டிருந்தியா?"

"கண்ணுக்கு நேரா இருக்கே."

"எப்படி ஏறும்? அது கடையில வாங்கினதில்ல. ஒவ்வொரு தாளுக்கும் ஓரத்துல பூ புடைச்சிருக்கு பாரு, அது இவ ஸ்டென்சில் வெச்சுத் தேச்சது. பேரு அத்தனையும் மரினுஸ் எழுதினது, தச்சுப் பென்சிலால. அவங்க கல்யாணமாகி இருபத்தஞ்சாவது வருஷம் செஞ்சாங்க. அவர் போனப்புறம் அதுல இவ கைவெக்கவே இல்ல. பேரன் பொறந்து நாலு வருஷமாச்சு, அவன் பேரே அதுல இல்ல. மக சண்டகூடப் போட்டா."

நான் தலையைக் குனிந்துகொண்டு மிதித்தேன்.

"என்ன, காத்து வாயில அடைச்சிடுச்சா?" என்றாள் நெல்லா.

யாக்கோமினா என்னை மறக்கவில்லை. காலண்டரில் யாருக்குமே இடம் இல்லை. வாசல் சாத்தியிருந்தது, அவ்வளவுதான். நான் ஜன்னலை உடைத்துக்கொண்டு உள்ளே போயிருக்கிறேன்.

அடுத்த புதன் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன். சொன்னதும் நிஜமாகவே தலை வலித்தது. அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை நெல்லா வந்து கதவை இடித்தாள்.

"பொய்க் காய்ச்சல் எத்தன நாளைக்கு? போன வாரம் மெஷின நாங்க நாலு பேர் சேர்ந்து சுத்தினோம். ஒரு பூசணிக்காய் வெட்ட அரை மணி நேரம்! யாக்கோமினா உன் நாற்காலியப் பாத்துப் பாத்துத் தெச்சு, விரல்ல குத்திக்கிட்டா."

"என் நாற்காலியவா?"

"பின்ன என் நாய் நாற்காலியவா?"

மறுநாள் காலை ஒன்பதரைக்கே போய் மணியடித்தேன். பத்து மணிக் காபிக்கு ஒன்பதரைக்குப் போவது எங்கள் ஊரில் தீ விபத்துக்கு மட்டும் அனுமதி. யாக்கோமினா கையில் ஈரத் துணியோடு கதவைத் திறந்தாள்.

"என்ன க்ரைன், யாருக்காவது ஒடம்பு சரியில்லையா?"

"யாக்கோமினா, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். உங்க காலண்டர்ல."

நடையிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அக்டோபரைச் சொன்னேன், திண்டைச் சொன்னேன், நவம்பரைச் சொன்னேன், கம்பியைச் சொன்னேன். வாழ்க்கையில் நான் கூட்டாமல் குறைக்காமல் சொன்ன ஒரே கதை அதுதான். கடைசியில் முழங்காலைக் காட்டினேன். அதே கால்சட்டை. துவைக்கவில்லை, எப்படித் துவைப்பது?

"அவர் பேர்ல பாதி இங்க இருக்கு," என்றேன்.

அவள் ஈரத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டாள். குனிந்து, என் முழங்காலில் இருந்த சாம்பல் கறையை ஒரு விரலால் தொட்டாள். துடைக்கவில்லை, தொட்டாள். பிறகு விரல் நுனியைப் பார்த்தாள். கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். வெளியில், உள்ளே ஆள் இருப்பதைக் காட்டும் தாழின் சிவப்பு தெரிந்தது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. முப்பத்தொன்பது வருடத்தில் எந்தக் கப்பலும் என் பாலத்தைக் கடக்க அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதில்லை. உள்ளே தாள் புரளும் சத்தம் கேட்டது. மறுபடி புரளும் சத்தம்.

கதவு திறந்தது. கண் சிவந்திருந்தது. குரல் சாதாரணமாகவே இருந்தது.

"எந்த ஊசி?"

"மெல்லிசுதான்."

"அடியில திண்டு?"

"வெக்கல."

"மூணு வருஷமா சொல்றேன்."

"ஆமா."

"இன்னிக்கு வீட்டுக்குப் போங்க க்ரைன். மத்தவங்க வர்ற நேரமாச்சு."

போனேன். மரினுஸ் செய்த நாற்காலியில் உட்காரத் தைரியம் வரவில்லை. அக்டோபர் முழுக்கச் சமையலறை ஸ்டூலில்தான் உட்கார்ந்தேன், பூனை அந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டது. புதன்கிழமைகள் வந்தன, போயின. பத்து மணிக்கு என் கை தானாகச் சுற்றும், பிடிக்க ஒரு பிடி இல்லாமல். அவள் ஊசி இப்போது எந்த ஓட்டையில் போகிறது, எந்த ஓட்டையில் வெளியே வருகிறது என்று யோசித்துக்கொண்டிருப்பேன். என் மூச்சுகூட அந்தக் கணக்கில்தான் வந்துபோயிற்று.

பதினேழாம் தேதி விடிந்தது. கேக் வாங்கிவைத்தேன், ஆறு பேருக்கு. வாசல் கதவில் தபால் போடும் ஓட்டையின் மூடிக்குக் கீழே, தரை விரிப்பில், காலை நீட்டி உட்கார்ந்தேன். தபால்காரி வருகிற சத்தம் நாலு வீடு தள்ளியே எனக்குக் கேட்கும். காது மிஷின் கம்பெனிக்காரர்கள் நினைப்பதுபோல நான் ஒன்றும் செவிடன் இல்லை. மூடி திறந்தது. ஒரு கவர் மடியில் விழுந்தது.

காது மிஷின்.

சாயங்காலம் நெல்லா வந்தாள். அவளுக்கு என் பிறந்தநாள் பள்ளிக்கூடத்திலிருந்தே தெரியும்.

"வாழ்த்துகள்! கேக் எங்க? ஏன்யா தரையில உக்காந்திருக்கே, தபால் ஓட்டைக்குக் காவல் நாய் மாதிரி?"

"எதுவும் வரல நெல்லா."

"என்ன வரணும்?" என்று கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். கத்தியை எடுத்துக் கேக்கை வெட்டி, பெரிய துண்டை என் தட்டில் வைத்தாள். அவள் வாழ்நாளில் பெரிய துண்டை அடுத்தவனுக்கு வைத்தது அன்றுதான். "யாக்கோமினா ஊருக்குப் போறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டா. நவம்பர் மொதப் புதன் மெஷின்காரர் வருவாரான்னு. வருவான், இல்லன்னா இழுத்துட்டு வர்றேன்னு சொல்லியிருக்கேன்."

நவம்பர் முதல் புதன். பத்து மணிக்கு ஒரு நிமிடம் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. யாக்கோமினா எல்லாருக்கும் ஊற்றுவதுபோல எனக்கும் காபி ஊற்றினாள். ஒரே ஒரு பொலுஸ். டப்பா மூடிற்று. எல்லாம் பழையபடி நடந்தது.

"க்ரைன், கழிவறைக்குப் போகலையா?" என்றாள், தையலிலிருந்து தலையைத் தூக்காமல்.

"எதுக்கு இவன ஏத்தி விடறே? போனா கிறிஸ்மஸுக்குத்தான் வருவான்," என்றாள் நெல்லா.

போனேன். தாழ் போட்டேன். நவம்பர் தாள் எதிரே இருந்தது. பதினேழாவது கோட்டில் மரினுஸ் என்ற பெயர், நூலில். பென்சில் நிறத்தில் ஒரு நூலை எங்கிருந்தோ பிடித்து, மரினுஸ் எழுதிய கோட்டின் மேலேயே, அவர் கை வளைந்த இடத்தில் வளைந்து, அழுத்திய இடத்தில் அழுத்தித் தைத்திருந்தாள். கலைந்துபோன முன்பாதிகூட அவர் எழுதியபடியே வந்திருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு எழுதினாலும் வருகிற கையெழுத்து அது. மிச்சமிருந்த என் ஓட்டைகளை அவள் மூடவில்லை. பெயரைச் சுற்றிக் கொசு கடித்த தடம் மாதிரி அவையும் இருந்தன. சிலுவை இல்லை.

தாள்களை ஜனவரியிலிருந்து புரட்டினேன். ஜூனில் ஒரு புதுப் பெயர், பேரன், ஆரஞ்சு நூலில், முழுசாக, பக்கத்தில் ஒரு டிராக்டர் வேறு. பயல் கொடுத்துவைத்தவன். அக்டோபருக்கு வந்தேன்.

என் ஓட்டைகள் அப்படியே இருந்தன. வெறுமையாக. கோட்டை ஒருமுறை பார்த்தேன், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுமுறை பார்த்தேன். முதல் ஓட்டைக்கும் இரண்டாவது ஓட்டைக்கும் நடுவில் ஒரு தையல். ஒரே ஒரு தையல். பார்லி மணி அளவு. சிவப்பு.

தாளைத் திருப்பி முதுகைப் பார்த்தேன். டேப் இல்லை. நறுக்கவில்லை. இரண்டு முழம் சிவப்பு நூல் தொங்கியது, அதன் நுனியில் ஊசி, ஊசியைத் தாளின் ஓரத்தில் பத்திரமாகக் குத்தி வைத்திருந்தாள்.

வெளியே வந்தபோது அவள் நடையில் நின்றிருந்தாள், காபிக் கெட்டிலோடு, அடுக்களைக்குப் போகிறவள்போல.

"பென்சில் எப்படியும் மங்கிட்டுத்தான் இருந்துச்சு," என்றாள். "ஒவ்வொரு நவம்பரும் இன்னும் கொஞ்சம். தொட பயமா இருந்துச்சு. நீங்க கெடுத்தப்புறம் பயப்பட என்ன இருக்கு?"

"யாக்கோமினா, அக்டோபர்ல..."

"எண்ணிப் பாத்தேன். நாப்பத்தொரு ஓட்டை. வருஷத்துக்கு ஒரு தையல் போடலாம்னு இருக்கேன்."

நான் மனக்கணக்குப் போட்டேன். "அது முடியறதுக்குள்ள எனக்கு நூத்திப் பதிமூணு ஆயிடுமே!"

"என்னய்யா நூத்திப் பதிமூணு?" என்று உள்ளேயிருந்து நெல்லா கத்தினாள். "ரத்த அழுத்தமா? உப்பக் கொற!"

யாக்கோமினா சிரிக்கவில்லை. சிரிப்பை எங்கோ கன்னத்துக்குள் வைத்துக்கொண்டு நின்றாள். வாழ்நாள் முழுக்க நான் பெரிதாக்கிச் சொல்லியிருக்கிறேன், என்னை யாரும் ஜெயித்ததில்லை. இவள் ஒரே வாக்கியத்தில் நாற்பது வருடத்தை எடுத்து என் மேல் போட்டுவிட்டாள்.

"கொஞ்சம் சீக்கிரமாத் தெக்கக்கூடாதா?" என்றேன்.

"அந்தக் காலத்துல எட்டுப் பத்துக்கு வருவேன்," என்றாள். "கப்பல் போயிடும். தண்ணிகூட அடங்கிடும். பாலம் மட்டும் எறங்காது. பின்னாடி ஹாரன் அடிப்பாங்க, நூல் கடையில மொதலாளி திட்டுவார். ஒரு நாள் ஒரு நிமிஷம், ஒரு நாள் ஒன்றர நிமிஷம். முப்பது வருஷம்."

என் காதுகள் சூடாயின. பெல்ஜியம் எல்லைவரை சூடாயின.

"தெரியுமா உங்களுக்கு?"

"அத்தன நாளும் நான் நின்னேன் இல்ல?" என்றாள் யாக்கோமினா. "இப்ப நீங்க நில்லுங்க." கெட்டிலை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

மேஜைக்குத் திரும்பினேன். நெல்லா ஒரு நட்சத்திர டையையும் நீல அட்டையையும் என்முன் தள்ளினாள். யாக்கோமினா வந்து ஜன்னலோரம் உட்கார்ந்து ஊசியை எடுத்தாள். மூச்சை அடக்கினாள். நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவள் மூச்சை விட்டாள். சுற்றினேன்.